குடத்திலிட்ட விளக்குகள்

அவைத் தலைவர் அவர்களே, நான் சொல்ல நினைத்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பிகளே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த சாமர்த்தியசாலிகளே, வணக்கம். போன கூட்டத்தில் பொருளாளர் பெயரை விட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனி வணக்கம்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்க, பலர் கண்ணில் படாத மூன்று படங்களைச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். குழந்தைகளோடு பார்க்க எவை, சப்டைட்டில் படிக்கப் பழகுவது எப்படி என்பதையும் பிறகு சொல்கிறேன். குடத்திலிட்ட விளக்கு என்பார்களே, அப்படிப்பட்ட படங்கள் இவை.

முதலாவது, 1954-இல் வந்த 'அந்த நாள்'. இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர். வீணை வித்வான் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது! படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 1928-இல் டென்மார்க்குக்காரர் கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த மௌனப்படம், 'தி பாஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்'. ஒப்பனை இல்லாத ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான் படம். பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிரதிகள் எடுக்க ஆதாரமான மூல நெகட்டிவ் தீயில் போயிற்று. மனுஷர் சளைக்கவில்லை. அதே காட்சிகளை மறுபடி எடுத்து ஒதுக்கி வைத்திருந்த வேறு டேக்குகளைப் பொறுக்கி, மறுபடி ஒட்டி, இன்னொரு படமாக்கினார். அதற்கும் தீ! நெருப்பில் எரிக்கப்பட்ட ஜோன் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதைக்கு இரண்டு முறை நெருப்பு. 1968-இல் டிரையர் காலமானார். 1981-இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனை. துப்புரவுச் சாமான் வைக்கும் அலமாரி. அதற்குள் சில டப்பாக்கள். திறந்து பார்த்தால், வெட்டுப்படாத அசல் படம்! துடைப்பத்துக்குப் பக்கத்தில், ஐயா, துடைப்பத்துக்குப் பக்கத்தில்! குடத்திலிட்ட விளக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவது படம் 'காளிதாஸ்'. 1931, தமிழ் பேசிய முதல் படம், டி.பி.ராஜலட்சுமி நடித்தது. வீட்டில் போய்த் தேடாதீர்கள். கிடைக்காது. பிரதியே இல்லை. நம் மொழி திரையில் முதன்முதலாகப் பேசியதை இனி யாரும் கேட்க முடியாது.

இங்கேதான் என் வழக்கமான புலம்பலுக்கு வருகிறேன். தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். பழைய பிலிம் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை மூக்கில் ஏறும். அசிட்டேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரமும் பட்டால் இன்னும் வேகமாக அழுகும். புத்தகம் அச்சிட்டால் பொது நூலகங்களுக்குப் பிரதி தரவேண்டும் என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. நூலகர் ஐயா தலையாட்டுகிறார். 'அந்த நாள்' வந்த அதே ஆண்டு! அதே கண்டிப்பு படத்துக்கும் வேண்டும், ஒவ்வொரு படத்தின் நல்ல பிரதியொன்றும் காப்பகத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்கிறேன். குடத்திலிட்ட விளக்கையாவது ஒருநாள் வெளியே எடுக்கலாம். குடத்துக்குள்ளேயே அணைந்துபோனால்?

குழந்தைகளுக்கான படங்களையும் சப்டைட்டிலையும் அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். படங்களுக்கும் அப்படியொரு சட்டம் கேட்டு, வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை மட்டும் மறக்காமல் திருப்பித் தாருங்கள், அது பொருளாளருடையது.