பிடிபடாத வாயு

நேயர்களுக்கு வணக்கம். நைட்ரிக் ஆக்சைடு என்றதும், "பல் பிடுங்கும்போது முகரக் கொடுப்பார்களே, அந்தச் சிரிப்பு வாயுவா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைங்க. அது நைட்ரஸ் ஆக்சைடு. நான் சொல்வது நம் இரத்தக்குழாயின் உட்சுவர் தானே தயாரித்துக்கொள்ளும் வாயு. குழாயைத் தளர்த்தி இரத்தத்துக்கு வழிவிடுவது இதுதான்.

இது தெரியவந்த கதையை எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன், இன்றும் விடப்போவதில்லை. ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க அறிஞர் முயலின் பெருந்தமனியை நறுக்கி, அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சுரப்பை விட்டுப் பார்ப்பார். வருடக்கணக்காக அந்தத் துண்டு சுருங்கித்தான் வந்தது. ஒரு சமயம் பார்த்தால், விரிகிறது! என்ன மாறியது என்று குடைந்து பார்த்தார். துண்டைத் தயார் செய்யும்போது உட்படலம் உரசித் தேய்ந்திருந்தால் சுருங்குகிறது, தேயாமல் இருந்தால் விரிகிறது. அவ்வளவுதான். உட்படலத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிவந்து தசையைத் தளர்த்துகிறது என்று 1980இல் எழுதினார். அந்த 'ஏதோ ஒன்று' எது என்று ஆறேழு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வாயுவாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தப் பரிசை நிறுவிய நோபலே, நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் நைட்ரோகிளிசரின் எழுதித் தந்தபோது வேண்டாம் என்றவர். அதை வைத்து வெடிமருந்து செய்து சம்பாதித்தவர் அவர். அந்த மருந்து உடம்புக்குள் வேலை செய்வதும் நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான்.

சரி, இரத்தம் எடுத்து அளந்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். இரத்தத்தில் கலந்த மறுகணமே ஹீமோகுளோபின் அதைத் தீர்த்துக்கட்டிவிடும். மிஞ்சுவது நைட்ரைட்டும் நைட்ரேட்டும், அதாவது வாயு போன தடம். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக அளப்பது இந்தத் தடத்தைத்தான். நைட்ரேட்டையும் நைட்ரைட்டாக்கி, கிரீஸ் என்ற வேதியியலாளரின் பெயர் கொண்ட கரைசலை விட்டால் ரோஸ் நிறம் வரும். நிறம் கூடினால் அளவும் கூட. 1879லிருந்து இருக்கும் முறை. சிறுநீர்ப் பட்டையில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று ரோஸ் நிறம் பார்க்கிறார்களே, அதே வேதியியல்.

ஆனால் தடம் யாருடையது? கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் ஏராளம். முந்தின நாள் சாப்பாடே கணக்கில் ஏறிவிடும். ஒருமுறை எனக்கு எல்லா மாதிரியிலும் அளவு எகிறியது. ஆகா, பெரிய விஷயம் கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் இரத்தமே இல்லாமல் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், அதுவும் ரோஸ்! குற்றவாளி, சோதனைக்குழாய் கழுவிய தண்ணீர். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நீங்கள் அளப்பது வாயுவை அல்ல, தடத்தை. கடுமையான கிருமித்தொற்றில் இரத்த அழுத்தம் சரியும்போது இந்த எண் ஏறும், உண்மைதான். சிறுநீரகம் பழுதாகி நைட்ரேட் வெளியேறாவிட்டாலும் ஏறும். ஒரு எண்ணை மட்டும் பார்த்து நோயை முடிவு கட்டலாமா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மூச்சுப் பரிசோதனையைத்தான் விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மூச்சில் ஹீமோகுளோபின் தொல்லை இல்லை, வாயுவையே நேரடியாக அளக்கலாம். கருவியில் ஒரே சீராகப் பத்து நொடி ஊத வேண்டும். பெரியவர்களுக்கு நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் போனால், ஆஸ்துமாவில் வரும் ஒருவகை மூச்சுக்குழல் அழற்சி இருக்கக்கூடும். ஊதப் போகும் முன் ஒரு மணி நேரம் புகை வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். வணக்கம்.