சாத்தன் என்றொரு பெயர்

எகிப்தில் செங்கடல் ஓரமாகக் குசைர் அல் காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது கிடைத்த பானை ஓடு ஒன்றில், தமிழ் பிராமி எழுத்தில் 'சாதன்' என்று கீறியிருந்தது. கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம்முடைய சாத்தன்தான் நண்பர்களே! அந்தக் காலத்தில் மெய்யெழுத்தை இரட்டிக்காமல் எழுதுவது உண்டு.

கடல் தாண்டிப் போனவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. சாத்து என்றால் வணிகக் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அந்தச் சாத்துதான் இருக்கிறது. மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரும் கூலவாணிகர், தானிய வியாபாரி. தப்பான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொள்வார், அதனால் சீழ்த்தலை என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீத்தலை ஓர் ஊர், அவ்வளவுதான். இளங்கோவடிகள் அவரைத் 'தண்டமிழ் ஆசான்' என்கிறார், அதைச் சொல்லுவோமே.

ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் மாலதி என்றொரு பெண், மாற்றாள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. பழி தன்மேல் விழுமே என்று நடுங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். கடைசியில் பாசண்டச் சாத்தன், தானே அந்தக் குழந்தையாக வந்து அவள் கையில் கிடக்கிறான். அதோடு விட்டுவிடவில்லை. வளர்ந்து ஆளாகி, அந்தத் தாய் தந்தையருக்குச் செய்ய வேண்டிய கடனையும் செய்து முடிக்கிறான். வரம் கொடுத்துவிட்டு மறைகிற சாமி இல்லை, கூடவே இருந்த சாமி.

அப்புறம், இலக்கண உரைகளைப் புரட்டினால் எங்கும் 'சாத்தன் வந்தான்' என்றுதான் எடுத்துக்காட்டு வரும். அவ்வளவு சாதாரணமாகப் புழங்கிய பெயர்! இன்று சாத்தனூர் என்று ஊர்ப்பெயரில் தங்கியிருக்கிறது, ஆள்பெயரில் காணோம். என் நண்பர் ஒருவர் பேரனுக்கு இதை வைக்க ஆசைப்பட்டார். 'சாத்தான்' மாதிரி இருக்கிறது என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். அது விவிலியத்தோடு வந்த வேறு சொல். ஓர் ஒலி ஒற்றுமைக்காக நம் பெயரை ஏன் விட வேண்டும்?

அவர்களுக்கு நான் புறநானூற்று 242ஆம் பாட்டைத்தான் சொன்னேன். ஒல்லையூர்ச் சாத்தன் இறந்துவிட்டான். குடவாயிற் கீரத்தனார் அந்த ஊருக்குப் போகிறார். இளைஞர்கள் பூச்சூடவில்லை, பெண்கள் பூப்பறிக்கவில்லை, பாணன் சூடவில்லை. ஆனால் கொடியில் பூ இருக்கிறது. வேற்படை வல்ல சாத்தன் போன பிறகு, 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' என்று அந்தக் கொடியைப் பார்த்துக் கேட்கிறார்.