நாற்பதுக்கு மேல் தொப்பை கரைய: அதிரடி டயட்டா, அன்றாடப் பழக்கமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அன்றாடப் பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்றுமுன் பலத்த கைத்தட்டல் வாங்கினார். சோற்றை அடியோடு நிறுத்தினால் ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறையும் என்றார். குறையும், ஐயா. குறைந்தது எது என்பதுதான் என் கேள்வி.

நம் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் ஏறத்தாழ அரை கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் குறைந்தது மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் நின்றால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். கூடவே தண்ணீரும் போகும். கொழுப்பு அவ்வளவு சுலபமாக வீட்டைக் காலி செய்யாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளைக்கு 2,000 கலோரி செலவழிக்கும் ஒருவர் ஏழு நாள் பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்தாலும் கணக்குப்படி இரண்டு கிலோ கொழுப்பைத் தொட முடியாது. போன தண்ணீரோ, ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் திரும்பி வந்துவிடும்.

தண்ணீர் வரட்டும், பரவாயில்லை. தசை போனால்? முப்பதைத் தாண்டிய பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை தானாகவே தேய்கிறது. அந்த வயதில் புரதமும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். எடை திரும்பும்போது தசையாகத் திரும்புவது கொஞ்சம், கொழுப்பாகத் திரும்புவதே அதிகம். அமெரிக்காவில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற எடைக்குறைப்பு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிடக் கொடுமை, ஓய்வில் அவர்கள் உடல் எரித்த கலோரி, இருக்க வேண்டிய அளவைவிட நாளைக்குச் சுமார் 500 குறைவு!

அடுத்து வந்த அம்மா, "நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் படுத்துவிடும், அதனால் அதிரடிதான் வழி" என்றார். 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்தது. மெட்டபாலிசம் என்பது உடல் கலோரியை எரிக்கும் வேகம்; ஆளுக்கு ஆள் மாறும் உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 முதல் 60 வயதுவரை அந்த எரிப்பு அநேகமாக மாறவே இல்லை. அம்மா, படுத்தது மெட்டபாலிசம் இல்லை, நாம்தான்!

சரி, எப்படி எழுவது? காபியில் தொடங்குங்கள். நாளைக்கு நாலு காபி, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே நாக்கு ஜாங்கிரி கேட்கும். ஒவ்வொரு காபியிலும் வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் எட்டு வாரத்தில் பூஜ்ஜியம். வெல்லத்துக்கு மாறிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். அதிலும் கிராமுக்குக் கிட்டத்தட்ட அதே நாலு கலோரிதான்.

எண்ணெயை ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று முதல் தேதியே அளந்து தனியே எடுத்து வையுங்கள். இருபதாம் தேதி தீர்ந்துவிட்டால் எந்த ஞாயிறு பஜ்ஜி சுட்டோம் என்று வீடே கணக்குச் சொல்லும்.

சோற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கரண்டி குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மிக்சர் டப்பா திறக்கிறது; மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போகிறது. குறைத்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ, கெட்டிப் பருப்போ, இரண்டு முட்டையோ வர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அளவுப்படி உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். ஒரு முட்டையில் ஆறுதான். இட்லி சட்னியை மட்டும் நம்பினால் அந்தக் கணக்கு நிறையாது.

தசைக்கு ஜிம் கட்டாயமில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். பத்து முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுற்றுக்கு இரண்டு கூட்டுங்கள். முட்டி வலித்தால் உயரமான நாற்காலி போதும்.

மெதுவாகக் குறைந்தால் மனம் சோர்ந்துவிடும் என்றார் மூன்றாமவர். தினமும் எடை மெஷினில் ஏறி இறங்கினால் சோரத்தான் செய்யும். வாரம் ஒரு காலை எடை, மாதம் ஒருமுறை இஞ்ச் டேப். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இடுப்பு வர வேண்டும். எடை அசையாத மாதங்களிலும் டேப் அசைவதுண்டு. மாதம் ஒரு கிலோ என்பது நல்ல வேகம். நாலாம் மாதம் நின்றுவிட்டால் பயம் வேண்டாம். எடை குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடையை அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர் அவர்களே, இந்த அரங்கில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். எடை மளமளவென இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். எதிரணியினர் தந்த முப்பது நாள் அட்டவணையில் இவர்களுக்கென்று ஒரு வரி உண்டா? முப்பத்தோராம் நாள் மதியம் தட்டில் என்ன இருக்கும் என்றாவது எழுதியிருக்கிறதா? அதை அவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.