கரிசல் மண்ணில் காரைச் சுவர்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனக் கரிசல் பூமியில் பழைய சுண்ணாம்புக் காரை வீடு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எத்தனை தடவ பூசினாலும் அதே இடத்துலதான் சார் திரும்ப வெடிக்குது. என்னதான் பண்றது?" கட்டட வேலையில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு இன்று கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் மண். கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற அமைப்பு அதற்கு. ஈரம் பட்டால் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண் உப்பும். காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்குக் காடு வெடித்துக் கிடப்பதும், ஐப்பசி மழையில் அந்த வெடிப்பெல்லாம் தானாக மூடிக்கொள்வதும் நீங்கள் வருஷாவருஷம் பார்ப்பதுதானே. உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் கிடப்பதும் அதே மண்தான். ஆழமான கரிசலில் சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரைக்கும் இந்த ஏற்ற இறக்கம் இருக்கும். பழைய வீடுகளின் அஸ்திவாரமோ பெரும்பாலும் 3 அடி, 4 அடி. ஆகவே வீடு மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. மண் பரிசோதனைக் கூடங்களில் செய்வது. நன்றாகக் காயவைத்துப் பொடித்துச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர். நன்றாகக் கலக்கி, காற்றுக் குமிழ் போனபின் 24 மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அந்தக் குழாயில் 10 மில்லி உயரத்தில் படிந்த மண், தண்ணீர்க் குழாயில் 20 மில்லிக்கு நின்றால் 100 சதவீதம் உப்புகிற மண் என்று கணக்கு. அந்த மாதிரி மண்ணில் நிற்கும் வீட்டுக்குத் தண்ணீர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும்.

தண்ணீர் விஷயம் என்று சொன்னேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மண் ஈரமாக இருப்பதாலோ காய்ந்திருப்பதாலோ மட்டும் சுவர் வெடிப்பதில்லை. ஒரு பக்கம் ஈரமாகவும் மறு பக்கம் காய்ந்தும் இருந்தால்தான் வெடிக்கிறது. வீட்டுக்கு நடுவில் தரைக்கு அடியில் இருக்கும் மண்ணில் வெயில் படாது, ஈரம் அவ்வளவாக மாறாது. வெளிச்சுவரை ஒட்டிய மண் கோடையில் காய்ந்து இறங்கும். மூலையில் இரண்டு பக்கமும் வெயில் படுவதால் அங்கே இன்னும் அதிகமாக இறங்கும். மூலை இறங்கினால் சுவர் எங்கே விரிசல் விடும்? பலம் குறைந்த இடத்தில். அதனால்தான் ஜன்னல் மூலையிலிருந்து, செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சாய்வாக விரிசல் போகிறது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் ஓரம் இறங்கியிருக்கிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது, அல்லது ஓரம் உப்பித் தூக்கியிருக்கிறது. விரிசலைப் பார்த்தவுடன் கரண்டியை எடுக்காமல், அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு வீடு. ஒன்றரை அடி கனத்தில் காரைச் சுவர், மேலே தேக்கு உத்திரம் போட்ட மட்டப்பா, அதாவது தட்டையான கூரை. வடகிழக்கு மூலையில் மட்டும் விரிசல். பல தடவை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். நான் போனபோது கூட வந்த கொத்தனார், "சார், ரெண்டு மூட சிமெண்ட் இருந்தா இத முடிச்சிரலாம்" என்றார். வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தால், அந்த மூலையை ஒட்டித்தான் குளிக்கிற இடம். தண்ணீர் போகிற வழியில், சுவருக்கு 2 அடி தள்ளி, தளதளவென்று ஒரு வாழைக் கூட்டம். வருஷம் முழுக்க அங்கே மண் ஊறிக்கிடக்கிறது. எதிர்ப்பக்க மூலையோ கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. அந்த வீட்டு ஆச்சி என்னைப் பார்த்து, "தம்பி, வாழைய மட்டும் வெட்டச் சொல்லிராதீங்க, என் மருமக வச்சது" என்றார். வெட்டவில்லை. கன்றுகளைப் பெயர்த்து வீட்டுக்கு 20 அடி தள்ளி நட்டோம். குளிக்கிற தண்ணீருக்குக் கல் வாய்க்கால் கட்டி அங்கேயே கொண்டுபோனோம். அந்த வருஷம் சுவரில் கை வைக்கவே இல்லை, பென்சிலால் குறி மட்டும் வைத்தோம்.

அந்தக் குறி வைக்கிற வேலை எல்லாரும் செய்யக் கூடியது. விரிசலின் இரண்டு நுனியிலும் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வைத்து நடுவில் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து அதையும் சுவரிலேயே எழுதுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதில் வந்துவிட வேண்டும். கோடையில் திறந்து மழையில் மூடினால் அது பருவத்தின் அசைவு, அதோடு வாழலாம். எந்தப் பருவத்திலும் மூடாமல் விரிந்துகொண்டே போனால் அஸ்திவாரத்துக்கு அடியில் வேறு கோளாறு இருக்கிறது. இதைப் பார்க்காமல் பூசுகிறவர்களுக்குப் பணம்தான் விரயம்.

தண்ணீரை ஒழுங்குபடுத்த வேண்டிய மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழக் கூடாது, குழாய் வைத்துத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்காவது கரிசலை எடுத்துவிட்டுச் சரளை போட்டு இடித்து, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டால் அடிமண்ணின் ஈரம் சீக்கிரம் மாறாது. புதைத்த குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேம்பு, அரசு போன்ற பெரிய மரம் வீட்டை ஒட்டி நின்றால் அதன் வேர் கோடையில் அடிமண்ணை உறிஞ்சிக் காயவைக்கும். அதற்காக ஒரே நாளில் மரத்தை வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள். இத்தனை வருஷம் மரம் குடித்த தண்ணீர் இனி மண்ணிலேயே தங்கும், மண் உப்பும், சுவர் வேறு விதமாக வெடிக்கும். கிளையைப் படிப்படியாகக் கழித்து வாருங்கள். சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை மட்டும் முளையிலேயே எடுத்துவிட வேண்டும்.

இனி சுவர். பழைய வீட்டின் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மென்மையானவை. மண் அசைந்தால் நூற்றுக்கணக்கான இணைப்புகளில் ஒவ்வொன்றும் மயிரிழை விட்டுக்கொடுக்கும். அதனால் சுவர் உடையாமல் நெளிந்து நிற்கும். இன்னொரு குணமும் சுண்ணாம்புக்கு உண்டு. மழை ஈரம் அதிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக் கொண்டுபோய் மெல்லிய கீறலில் படியவைத்து, கீறலைத் தானே அடைத்துவிடும். இப்படிப்பட்ட சுவரில் ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் சேர்த்த கலவையை வைத்து அடைத்தால் அந்த ஒட்டு மட்டும் பாறையாக நிற்கும். அடுத்த கோடையில் அதன் இரண்டு பக்கமும் புதிதாக விரிசல் விடும். சிமெண்ட் பூச்சு ஓதத்தையும் வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூக்கும், செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். எந்த ஒட்டும் பக்கத்திலுள்ள செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இணைப்பைப் புதுப்பிக்கும்போது மெஷின் போட்டு அறுக்காதீர்கள், செங்கல் விளிம்பு போய்விடும். உளியால் பழைய காரையை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசி போகத் தேய்த்து, நன்றாக நனைத்து, பிறகு புதுக் காரையை அழுத்தித் திணிக்க வேண்டும். ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல். ஈரமான இடமாக இருந்தால் மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் பொடி சேர்க்கலாம், இறுகல் நன்றாக வரும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைக்கிற மூத்த கொத்தனார் உங்கள் ஊரில் இருந்தால் அவர் கையில் வேலையைக் கொடுங்கள். அவர்களுடைய கையளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. விரிசல் குறுக்கே ஓடி உடைந்த செங்கற்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி முழுக் கல்லை வைத்துக் கட்ட வேண்டும். பூச்சு ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம், பத்து நாள் ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். சிமெண்ட் வேலைக்குப் பழகியவர்கள் இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள்.

விரலே உள்ளே போகிற விரிசல், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சாய்ந்து நிற்கும் சுவர், சுவரிலிருந்து நழுவத் தொடங்கிய உத்திர முனை, இதில் எது இருந்தாலும் நீங்களாக எதையும் தொடாதீர்கள். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டு, பொறியாளரைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டி ஆழப்படுத்த வேண்டி வந்தால், ஒரு நேரத்தில் 3, 4 அடி நீளம்தான் திறக்க வேண்டும். சுவர் நீளத்துக்கும் ஒரே மூச்சில் தோண்டிப்போட்டு வீட்டையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

விளாத்திகுளம் வீட்டில் அடுத்த வருஷம் அளவு பெரிதாக மாறவில்லை. அதன்பிறகுதான் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம்.

இப்போது புரட்டாசி. மழைக்கு முன்னால் வாய்க்கால், கூரைக் குழாய், சரளைத் தளம் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். சுவர் வேலையைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மண் முழுக்க உப்பியும் இருக்காது, முழுக்கக் காய்ந்தும் இருக்காது, வெயிலும் கடுமையாக இராது. சுட்ட சுண்ணாம்புக் கல்லை மட்டும் இப்போதே வாங்கி நீற்றிவிடலாம். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். நீற்றியதைச் சலித்துக் குழியில் விட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டால், தைக்குள் வெண்ணெய் போல் பதமாகியிருக்கும்.

நன்றி. வணக்கம்.