கிளாஸ்கோ மன்றத்தில் பழகிய பேச்சு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, இந்த வெயிலிலும் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் லிபரல் கட்சியின் வரலாற்றைத் தலைவர் அவர்களே அழகாகச் சொல்லிவிட்டார். அவருக்கு என் நன்றி.

ஸ்காட்லாந்து தந்த பிரிட்டிஷ் அரசியல் தலைவர் சார்லஸ் கென்னடியைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லப் போகிறேன். அவர் பேசக் கற்றது, ஈராக் போரை எதிர்த்தது.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் பழமொழி. 1983 பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற கென்னடியிடம் எத்தனை பேர் இதையே சொல்லியிருப்பார்கள்! வயது 23. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. எதிரே நின்றவரோ எரிசக்தித் துறை அமைச்சர் ஹேமிஷ் கிரே. தொகுதி ராஸ், கிராமர்ட்டி, ஸ்கை: மலையும் ஏரியும் தீவுமாக விரிந்து கிடக்கும் வடமேற்குச் சீமை. பையனிடம் பணமில்லை, அப்பா இருந்தார். சிறு விவசாயக் குடும்பத்துக்காரர், நல்ல ஃபிடில் கலைஞர். மகன் பேசும் கூட்டங்களுக்கு ஃபிடிலும் கையுமாகப் போவார். முதலில் அப்பா வாசிப்பார், ஊர் கூடும். பிறகு மகன் எழுவான். கேட்க வந்தவர்கள் இசைக்காக வந்தவர்கள்தாம்; ஆனால் பேச்சு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வாக்குகளை எண்ணியபோது அமைச்சர் 1,704 வாக்கில் தோற்றார்!

அந்த நாவன்மை எங்கே விளைந்தது? கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில். அங்கே மாணவர்களே ஆளுங்கட்சி, மாணவர்களே எதிர்க்கட்சி. நாடாளுமன்றம் போலவே விவாதம் நடக்கும். பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவராக இருந்த ஜான் ஸ்மித்தும் அங்கே பழகியவர்தான். 1982-இல் பிரிட்டனின் பெரிய விவாதப் போட்டியில் கென்னடியின் அணி கோப்பை வென்றது.

அந்தப் பழக்கம்தான் 2003-இல் கைகொடுத்தது. அரசும் பிரதான எதிர்க்கட்சியும் சேர்ந்து ஈராக் போருக்குக் கொடி பிடித்தபோது, லிபரல் ஜனநாயகக் கட்சித் தலைவராக எதிர்த்து நின்றார். பிப்ரவரி 15 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் போரை எதிர்த்துத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பேசினார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஒரு நாட்டுக்கே சொன்ன பேச்சு அது. 2005 தேர்தலில் அவர் கட்சி 62 இடங்களை வென்றது.

குடிப் பழக்கத்தை ஒப்புக்கொண்டு 2006 ஜனவரியில் பதவி விலகினார். 2015 மே மாதம் தொகுதியை இழந்தார். ஜூன் 1 அன்று, 55 வயதில், காலமானார். எனக்கு இன்றும் அது மனக்குறை.

மாணவர்களே, எழுதிவைத்து ஒப்பிப்பது விவாதமாகாது. எதிரணியின் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வாரந்தோறும் பயிற்சி தேவை. ஆழம் பார்க்கக் கற்கும் இடம் அதுதான். முதல்வர் அம்மையார் அவர்களே, வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். தலைப்பை மாணவர்களே முடிவு செய்யட்டும். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். நடுவராக வர தலைமையாசிரியர் ஐயா இசைந்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமையே தொடங்கலாம்.