ரோபோவோட கை நம்ம மேல பட்டா என்ன ஆகும்?

[காட்சி: கம்பி வேலிக்குள்ள ஒரு பெரிய ரோபோ கை கார் கதவைத் தூக்குது]

கார் தொழிற்சாலைல ரோபோவைச் சுத்தி இப்படித்தான் வேலி போட்டிருப்பாங்க. வேலிக் கதவைத் திறந்தாலே மெஷின் நின்னுடும். இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னா, 1979 ஜனவரி 25-ஐ நினைச்சுப் பாக்கணும். அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. ராபர்ட் வில்லியம்ஸ், வயசு 25, உதிரிபாகம் எடுக்க அலமாரி அடுக்குல ஏறினார். பின்னாடி வந்த ரோபோ கை தலைல மோதி இறந்துட்டார். ரோபோவால உயிர் போன முதல் மனிதர்னு அவரைத்தான் சொல்றாங்க. அங்க ஒரு ஆள் நிக்கிறார்ங்கிறதே அந்த மெஷினுக்குத் தெரியாது.

[காட்சி: வேலி இல்லாத மேசை. சின்ன ரோபோ கை ஒண்ணு, பக்கத்துல திருகு முடுக்குற ஒரு பெண்]

இது கோபாட். மனுஷங்களோட தோளுக்குத் தோள் நின்னு வேலை செய்யுற ரோபோ. இதோட மூட்டுகள், தனக்கு எவ்வளவு எதிர்ப்பு வருதுன்னு ஓயாம கவனிச்சுக்கிட்டே இருக்கும். கணக்குல இல்லாத எதிர்ப்பு வந்தா, ஏதோ மேல பட்டிருக்குன்னு அர்த்தம். உடனே நின்னுடும்.

சரி, எவ்வளவு பட்டா பரவாயில்லை? 2016-ல, சர்வதேச தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ, கோபாட் பாதுகாப்பு பத்தி ஒரு ஆவணம் வெளியிட்டுச்சு. அதுக்குப் பின்னாடி இருந்த ஆய்வுல ஆரோக்கியமான 100 பேரோட உடம்புல 29 இடங்களை அழுத்திப் பாத்திருக்காங்க. காயம் ஆகுற அளவுக்கெல்லாம் போகலை. வலி தொடங்குற அளவுலயே கோடு போட்டுட்டாங்க. இந்த முடிவு மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கை விரல் நசுங்குற மாதிரி மாட்டினா 140 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 14 கிலோ எடை அழுத்துற மாதிரி. முகத்துக்கு வெறும் 65.

ஒரு விஷயத்தை மட்டும் நல்லா கவனிங்க. அதே கோபாட் கைல ஒரு கத்தியைப் பொருத்தினா? விசை குறைவுதான், ஆனா கூர்மையான முனைல அழுத்தம் எகிறிடும். அதனால "கோபாட் வாங்கிட்டோம், இனி வேலியே வேண்டாம்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. கைல என்ன கருவி இருக்கு, எந்த உயரத்துல ஓடுது, யார் முகம் பக்கத்துல வருது, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

[காட்சி: சிவப்பு நிற ரோபோ, தலை இருக்குற இடத்துல ஒரு திரை, அதுல ரெண்டு கண்]

இது பாக்ஸ்டர். ரோபோ விஞ்ஞானி ராட்னி ப்ரூக்ஸோட ரீதிங்க் ரோபாட்டிக்ஸ் கம்பெனி 2012-ல கொண்டு வந்தது. கை நகர்றதுக்கு முன்னாடியே திரைல இருக்குற கண்ணு அந்தப் பக்கம் திரும்பிடும். பக்கத்துல இருக்குறவங்க அதைப் பாத்ததுமே தன்னால விலகிக்குவாங்க. அந்தக் கம்பெனி 2018-ல மூடிடுச்சு. ஆனா அந்தக் கண்ணு அலங்காரத்துக்கு வெச்சதுன்னு நான் நினைக்கலை. இடிச்ச பிறகு நிக்கிற ரோபோவை விட, எங்க வரப் போகுதுன்னு முன்கூட்டியே காட்டுற ரோபோ பக்கத்துலதான் நான் தைரியமா நிப்பேன்.

[காட்சி: சூடான டம்ளரை ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட நீட்டுறார், மெதுவா]

இதுல கொடுக்குறவர் விரலைப் பாருங்க. "பிடிச்சுட்டீங்களா?"ன்னு வாய் கேக்கலை. நீங்க தாங்கத் தாங்க அவர் கைல பாரம் குறையுது, அந்த அளவுக்கு அவர் பிடியும் தளருது. முன்னாடியே விட்டா காபி உங்க மேல கொட்டும், விடாம இருந்தா இழுபறி. ரோபோவும் இப்படித்தான் கொடுக்கணும்: நேரத்தை எண்ணிக்கிட்டு விரலைத் திறக்காம, உங்க கை தாங்கிடுச்சுன்னு பாரத்துலயே உணர்ந்து.