ஏழாவது இட்லியும் பருப்பு விலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பொருளாதாரம் புரிய எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். பெயர் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு வேலை கொடுப்பேன். கடையிலேயே புத்தகத்தைப் பிரித்து, பணவீக்கம் வரும் பகுதியில் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள்.

ஏன் பணவீக்கம்? செய்தியில் பணவீக்கம் குறைந்தது என்கிறார்கள். மளிகைக் கடையில் பருப்பு விலை இறங்கியபாடில்லை. யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வருகிறது. 100 ரூபாய்க்கு விற்ற துவரம்பருப்பு மறு வருஷம் 110 ஆனால், ஏற்றம் 10 சதவீதம். அதற்கடுத்த வருஷம் 114 என்றால், ஏற்றம் 4 சதவீதத்துக்கும் கீழே. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். அந்த வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அரசு கணக்கிடும்போது பருப்போடு வாடகை, துணிமணி, மருந்து என்று ஒரு கூடைப் பொருளைச் சேர்த்துப் பார்க்கும். இதை உங்களுக்கு விளங்க வைக்கிற புத்தகமா, வாங்குங்கள். வெறும் வரையறையோடு நின்றுவிட்டால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

சரி, காசு செலவில்லாமல் தொடங்க? தமிழ்நாட்டு அரசின் 11, 12-ஆம் வகுப்புப் பொருளியல் நூல்கள் இணையத்தில் இலவசம். பாடப்புத்தகமா என்று முகம் சுளிக்காதீர்கள். நடை அங்கங்கே கரடுமுரடுதான். 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று வரும்; மலைக்க வேண்டாம். பசியோடு உட்கார்ந்தவனுக்கு முதல் இட்லி அமிர்தம். நாலாவது, பரவாயில்லை. ஏழாவதை வைக்க வந்தால் கையால் இலையை மறைப்பான். விதி இவ்வளவுதான்.

இலங்கையில் அச்சான நூல் கிடைத்தாலும் விடாதீர்கள். ஆனால் நாம் தேவை, அளிப்பு என்பதை அங்கே கேள்வி, நிரம்பல் என்பார்கள். 'கேள்வி அதிகரித்தால் விலை உயரும்' என்று படித்துவிட்டு, யார் யாரிடம் கேட்டது என்று நான் விழித்திருக்கிறேன்.

அப்புறம், பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித். 1776-இல் வெளியான அவருடைய 'நாடுகளின் செல்வம்' (The Wealth of Nations) என்ற பெரிய நூலை முழுக்கப் படிக்கச் சொல்லமாட்டேன்; முதல் அத்தியாயம் போதும். அதில் ஒரு குண்டூசிப் பட்டறை வரும். ஒருவர் கம்பி இழுக்கிறார், ஒருவர் நறுக்குகிறார், ஒருவர் முனையைக் கூராக்குகிறார். இப்படிப் பத்துப் பேர் சேர்ந்து நாளுக்கு 48,000 ஊசி செய்கிறார்கள். பழக்கமில்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்தால் இருபதுகூடத் தேறாதாம். படித்த மறுநாள் ஏதாவது ஓட்டல் சமையல்கட்டை எட்டிப் பாருங்கள்: மாவு அரைப்பவர் ஒருவர், தோசைக்கல்லில் நிற்பவர் இன்னொருவர், சட்னி வாளியோடு ஓடுபவர் வேறொருவர்.

வணக்கம்.